மூன்றில் ஒன்றின் நகல்

நீரேற்று நிலையத்தில் அவளுக்குப் பெயர் பூட்டக்கா. பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தால்தான் அவளுக்குக் கால் நகரும். கல்யாணப் பதிவேட்டில் போட்ட கையெழுத்தையே திரும்பிப் போய்ப் பார்த்தவள் என்று கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பதினெட்டு வருடமாக நிலையத்தின் கணினிகள் அவள் பொறுப்பு.

பம்புகளை இயக்கும் கணினி, விரல் நீளப் பென்டிரைவ் ஒன்றிலிருந்து ஓடியது. அதைச் செய்து கொடுத்த கம்பெனியை இழுத்து மூடி ஆறு வருடம். அன்று காலை கணினி இரண்டு தடவை தானாக அணைந்து எழுந்தது. பென்டிரைவ் செத்தால் பம்புகள் நிற்கும். மேல்தொட்டியில் ஊருக்கு நாலு மணி நேரத் தண்ணீர்தான் இருந்தது.

மேற்பார்வையாளர் பதறவில்லை. மூன்று வருடம் முன்பே அவர் நகல் எடுத்து வைத்திருந்தாராம். அவள் அந்த நகலைத் தன் லினக்ஸ் மடிக்கணினியில் செருகிப் பார்த்தாள். உள்ளே ஒரே ஒரு பகுதிதான் இருந்தது. கணினியையும் பம்புகளையும் நிறுத்தி, அசலைக் கழற்றி மடிக்கணினியில் செருகினாள். மூன்று பகுதிகள்.

"சார், நீங்க ஒண்ணத்தான் எடுத்திருக்கீங்க."

"என் கம்ப்யூட்டர்ல அது ஒண்ணுதாம்மா தெறந்துச்சு. மத்ததுக்கு ஃபார்மேட் பண்ணவான்னு கேட்டுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"சாப்பாட்டு நேரம். மூடிட்டுப் போயிட்டேன்."

சரியென்று அழுத்தியிருந்தால் அசலில் மற்ற இரண்டு பகுதிகளும் அழிந்திருக்கும்; அன்றைக்கு அவருடைய பசிதான் ஊரைக் காப்பாற்றியிருக்கிறது.

கோப்புகளை இழுத்துப் போட்டு ஆகப் போவதில்லை; பென்டிரைவை முதலிலிருந்து கடைசிவரை அப்படியே படியெடுக்க வேண்டும். மடிக்கணினியில் இடமில்லை, நேராகப் புதிய பென்டிரைவுக்குத்தான். கட்டளையில் அசலின் பெயர் முதலில், புதியதன் பெயர் அடுத்து. மாற்றிக் கொடுத்தால் புதியதன் வெறுமை அசலின்மேல் ஏறிவிடும். இரண்டு பெயர்களுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். கழற்றிச் செருகினால் அதுவும் இடம் மாறும். அளவைப் பார்த்தாள், வரிசை எண்ணைப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

முதல் இரண்டு பகுதிகள் மளமளவென்று வந்தன. மூன்றாவதில் வேகம் படுத்துவிட்டது. அசலைத் தொட்டாள், சுட்டது. மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள். படிக்க முடியாத இடங்களைப் படியெடுக்கும் நிரல் தாண்டிப் போய், திரும்பி வந்து, மீண்டும் மோதியது. கடைசியில் எட்டு கிலோபைட் மட்டும் மிச்சம். அதற்காக இன்னொரு தடவை முயன்றபோது, மடிக்கணினி காட்டும் பட்டியலிலிருந்தே அசல் காணாமல் போனது. எத்தனை தடவை செருகியும் வரவில்லை.

புதியதைப் போட்டதும் பம்புகள் உறுமின.

"ஓடுதுல்ல? அப்புறம் என்னம்மா மூஞ்சிய அப்படி வச்சிருக்க?"

விடுபட்ட அந்த எட்டு கிலோபைட்டில் என்ன இருந்தது என்று நிரலின் பதிவை வைத்து அவள் தேடிக்கொண்டிருந்தாள். வெற்றிடமாக இருந்தால் பிழைத்தோம். இல்லை. குழாயில் அழுத்தம் எல்லை மீறினால் பம்பைத் தானாக நிறுத்தும் கோப்பு அது.

வீட்டுக்குப் போன் செய்து, எப்போது வருவேன் என்று தெரியாது என்றாள். பம்பைக் கையால் நிறுத்தும் பொத்தானருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுத்தமானியின் முள் ஏறத் தொடங்கியிருந்தது.