எப்படியோ வந்த பிரம்புகள்

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு பிரம்புக் கடை. கடைக்குப் பின்னால் வேலை செய்ய ஷெட். அதற்கு மேலே மாடியில் வீடு. பெண்ணை இன்ஜினியரிங் படிக்க வைத்தது. இத்தனையும் நான் உண்டாக்கியது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்பன் சொத்து என்று ஒரு செங்கல் கிடையாது. லோன் தர முடியாது என்ற மேனேஜர் இருந்தார். கடைக்கு வாடகைக்கு இடம் கொடுத்துவிட்டு, ஓடுகிற நேரத்தில் காலி செய் என்றவன் இருந்தான். வெள்ளம் வந்தபோது ஷெட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்று, போட்டு வைத்த நாற்காலியெல்லாம் பூஞ்சை பிடித்தது. எல்லாவற்றையும் தாண்டித்தான் வந்தேன். பெருங்களத்தூர் புது அபார்ட்மெண்ட்களில் பால்கனிக்குப் பால்கனி கூடை ஊஞ்சல் தொங்குகிறதே, நிமிர்ந்து பாருங்கள். பாதி என் கடையிலிருந்து போனவை.

இந்த வரிசையில் கடைசியாக ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பிலிப்பைன்ஸ் கழிச்சண்டைப் பயிற்சிக்கு நான் செய்து கொடுத்த பிரம்புகள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பொங்கல் முடிந்து என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் சுருக்கென்று படுவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுவேன். கடையைத் திறப்பேன், யாராவது விலை கேட்டால் சொல்வேன், மூடுவேன். பெண்ணும் அப்படித்தான் இருந்தாள். வண்டலூர்ப் பக்கம் ஆபீஸ். அது முடிந்ததும் பெருங்களத்தூரில் ஒரு மொட்டைமாடியில் இந்தக் கழிச்சண்டை வகுப்பு. வீட்டுக்கு வந்தால் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்போம்.

ஒருநாள் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

"பிலிப்பைன்ஸ்லேர்ந்து மாஸ்டர் வர்றாருப்பா. ஞாயித்துக்கிழமை செமினார். எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. ஸ்டிக்ஸ் மட்டும் வரல, கஸ்டம்ஸ்ல நிக்குது. கேன்சல் பண்ணிடலாம்னு எங்க சார் சொல்றாரு."

"எதுல செய்யறது அது?"

"ராட்டன்ல."

"ராட்டன்னா பிரம்பு. பிரம்புக் கடைக்காரன் பொண்ணு, பிரம்பு கெடைக்கலன்னு அழுவுறியா?"

"நான் எங்கப்பா அழுதேன்?"

உண்மைதான். அவள் அழவில்லை. அம்மாவுக்கே அழவில்லை.

அன்றைக்குத்தான் ஷெட் ஷட்டரைத் தூக்கினேன். பொங்கலுக்கு முன்னால் வந்து இறங்கிய அசாம் பிரம்புக் கட்டு அப்படியே கிடந்தது. கட்டை விரலைவிடக் கொஞ்சம் கனமானதாகப் பொறுக்கி, கை நீளத்துக்கு அறுத்து, வளைவு உள்ளதை நெருப்பில் காட்டி நிமிர்த்தினேன். மேல் தோலை எடுக்கவில்லை. தோல் இருந்தால்தான் அடி தாங்கும், இது எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் எத்தனை பேரோ ஆளுக்கு இரண்டு, உடைந்தால் மாற்ற இன்னும் கொஞ்சம். எல்லாம் நான் ஒருத்தன். கூலிக்கு ஆள் வைக்கவில்லை.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. பச்சைப் பிரம்பாக எதுவும் வெளியே போகாது. வார்னிஷ் இரண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு உள்ளங்கையால் நீளமாகத் தடவிப் பார்ப்போம். சிராய் குத்தாமல் வழவழவென்று போனால்தான் வண்டியில் ஏற்றுவது. தடவிப் பார்ப்பது என் மனைவியின் வேலை. இந்தத் தடவை நானே தடவினேன். எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தன.

தாம்பரம் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் செமினார். மேஜைகளை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். நேற்றைய சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. பிலிப்பைன்ஸ் மாஸ்டர் குள்ளமான மனிதர், என்னைவிடக் கொஞ்சம் வயது குறைவு, தொப்பையும் இருந்தது. ஒரு கழியை எடுத்து விரலில் நிறுத்திப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு எல்லாருக்கும் வேர்த்தது. மின்விசிறி மேலே எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது. பயிற்சிக்கு வந்திருந்த ஒரு போலீஸ்காரர் ஓங்கி வீசினார். கழி அவர் கையை விட்டுப் பறந்து, மண்டப முதலாளியின் அப்பா படத்துக்குப் பக்கத்துச் சுவரில் மோதி விழுந்தது. அடுத்த நிமிஷம் இன்னொன்று. அப்புறம் ஒன்று மேஜைக்கு அடியில் போனது.

"இன்னா சார் இது, எண்ணெய் தடவின மாதிரி கீது" என்றார் போலீஸ்காரர்.

"மச்சான், அவர் எதிர்ல நிக்காத. லத்தியே கைல நிக்காது அவருக்கு" என்றான் பின்னால் ஒருவன்.

"டேய், லத்திக்கு யாருடா வார்னிஷ் அடிக்கறாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். பெண் மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து குனிந்தாள்.

"அப்பா, வார்னிஷ் அடிச்சியா?"

"அடிக்காம எப்படிக் குடுப்பாங்க?"

"இது சேர் இல்லப்பா. வேர்த்தா வழுக்கும்."

நாற்காலியாக இருந்தால் என்ன, கழியாக இருந்தால் என்ன, என் கடைச் சரக்கு அப்படித்தான் போகும். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. என் மொபெட் பையில் எப்போதும் உப்புத்தாள் இருக்கும். எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தேன். பிடிக்கிற இடத்தை மட்டும் தேய்த்து வார்னிஷை எடுத்தேன். பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தாள். பிலிப்பைன்ஸ் மாஸ்டரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒன்றைத் தேய்த்தார். மற்றவர்கள் டீ குடித்தார்கள். டீ முடிவதற்குள் எல்லாக் கழியும் தயார். இது இரண்டாவது தடவை நான் அந்தச் செமினாரைக் காப்பாற்றியது.

மதியம் போலீஸ்காரருக்கு போன் வந்தது. தொடர் விடுமுறை, ஊருக்குப் போகிற கூட்டம். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் பந்தோபஸ்துக்கு ஓடினார். ஜோடி ஜோடியாக நிற்க ஓர் ஆள் குறைந்தது. தனியாக நின்றது என் பெண்தான்.

"வாப்பா, மெதுவாத்தான் அடிப்பேன்."

எழுந்து போய் எதிரே நின்றேன். இரண்டு கையிலும் இரண்டு கழி. மேலே ஒன்று, கீழே ஒன்று, வலது இடது மாறி மாறி எதிராளியின் கழியைத் தட்ட வேண்டும். இந்த அடிக்கு அவர்கள் ஊரில் பாய் பின்னுவதை வைத்துப் பெயர் என்று மாஸ்டர் சொன்னதைப் பெண் எனக்குச் சொன்னாள். அதை எனக்குச் சொல்ல விமானத்தில் வர வேண்டுமா? மேலே ஒன்று கீழே ஒன்று என்று நாற்காலி முதுகு பின்னுவதை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். எங்கள் கடையில் சட்டம் போடுவது நான், பின்னுவது என் மனைவி. என் கைக்குச் சட்டம்தான் தெரியும். நாலு தட்டு சரியாகப் போனது. ஐந்தாவதில் நான் கையை நீட்டிய இடத்தில் பெண்ணின் கழி இறங்கியது.

விரல் மொளியில் பட்டது. தோல் கிழிந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது.

"ஐயோ, வலிக்குதாப்பா?"

"இல்ல."

"ரத்தம் வருது."

"வரட்டும். நீ அடி."

அவள் அடிக்கவில்லை. கழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து என் விரலைச் சுற்றி ஒட்டினாள். நிதானமாக, நுனியை நகத்தால் அழுத்தி ஒட்டினாள்.

"வலிச்சா சொல்லணும்பா."

"வலிச்சா சொல்றேன்."

"நானும் சொல்றேன்" என்றாள். பிறகு மறுபடி எதிரே போய் நின்றாள். அடித்தோம். சாயங்காலம் வரை அடித்தோம்.

முடிந்ததும் நன்றியுரை. பெண்ணின் வகுப்பு மாஸ்டர்தான் பேசினார், நல்ல பையன். பிலிப்பைன்ஸ்காரருக்கு நன்றி சொன்னார். மண்டபத்துக்கு, சாப்பாடு போட்டவருக்கு, மைக் செட்டுக்கு, பாதியில் போன போலீஸ்காரருக்குக்கூடச் சொன்னார். பிறகு, "ஸ்டிக்ஸ் வராதுன்னு பயந்துட்டோம், எப்படியோ அரேஞ்ச் ஆயிடுச்சு" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பெண் அப்போது மாஸ்டரை ஏர்போர்ட்டுக்கு அழைத்துப்போக வண்டிக்குப் போன் செய்துகொண்டு வெளியே நின்றாள். அவள் உள்ளே வந்ததும் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். ஒருவர் என் கையில் போனைக் கொடுத்தார்.

"அங்கிள், குரூப் ஃபோட்டோ. நீங்க எடுங்களேன்."

எடுத்தேன். நன்றாகவே வந்திருக்கிறது. எல்லார் கையிலும் கழிகள் இருக்கின்றன. மேல் பாதி பளபளக்கிறது, பிடி மட்டும் மங்கலாக இருக்கிறது. அந்தப் படத்தைத்தான் நெட்டில் போட்டிருக்கிறார்கள். கீழே ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதியிருக்கிறது. கழிக்கு இல்லை.

பெண் சொன்னாள், "விடேன்பா, யாரும் வேணும்னு செய்யல." தெரியும். கோபம் கூட எனக்கு வரவில்லை. ஆனால் விட மாட்டேன். மனைவி போன பிறகு என் கையால் நான் செய்தது அது ஒன்றுதான். அந்தப் பிரம்புகள் எப்படியோ வரவில்லை. இரும்புலியூர் ஷெட்டில் நான் அறுத்து, நிமிர்த்தி, வார்னிஷ் அடித்து, அந்த வார்னிஷை நானே தேய்த்து எடுத்து வந்தவை. படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும். பேர் போடாவிட்டால் போகட்டும். கழிகளைச் செய்தவர் இரும்புலியூர் பிரம்புக் கடைக்காரர், படத்தை எடுத்தவரும் அவரே என்று போட வேண்டும்.