ஞாயிற்றுக்கிழமை மருந்து

பூசையில் பாடிக்கொண்டிருந்தபோதுதான் முதன்முதலாக மூச்சு என்னைக் கைவிட்டது. எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் பெண்கள் பக்கம் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் நான். மேலே ஏற வேண்டிய இடத்தில் காற்றே இல்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா திரும்பி முறைத்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே? ஊரே சிரிக்குது" என்றார், வீடு திரும்பும் வழியில். அவர் எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். வீட்டிலும் அதேதான்.

ஆவூர்ப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ஆசிரியப் பயிற்சிக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. ரவிக்கைகள் தொளதொளத்துப் போயின. ஒருநாள் இருமியபோது முந்தானையில் சிவப்பாகப் பட்டது. அதற்குப் பிறகுதான் அப்பா என்னைப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏற்றினார்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இடது நுரையீரலின் மேல்பாகத்தில் வெள்ளைத் திட்டு. சளியிலும் கிருமி இருந்தது. காசநோய். எனக்கு அழுகை வரவில்லை, கேள்விகள்தான் வந்தன. அந்தக் கிருமி எப்படி இருக்கும், எதைத் தின்னும், எத்தனை மாதத்தில் சாகும்?

"நீ டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்மா" என்று சிரித்தவர், உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். இரண்டு மருந்துகள் எழுதினார். ஐசோநியாசிட் (கிருமியைத் தாக்கும் சிறிய மாத்திரை). பாஸ் (கிருமி அந்த மாத்திரைக்குப் பழகிவிடாமல் தடுக்கும் பொடி, வெறும் வயிற்றில் குடித்தால் குடலைப் புரட்டும்).

"ஒரு வேளைகூட விடக்கூடாது. விட்டு விட்டுச் சாப்பிட்டா கிருமி பழகிக்கும். அப்புறம் இந்த மருந்தை மூட்டை மூட்டையாத் தின்னாலும் பிரயோஜனம் இல்லை."

இதே மருந்தை விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் இந்த வாக்கியத்தைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அதை ஞாயிற்றுக்கிழமை தோறும் அழித்தார்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். அப்போதெல்லாம் நன்மை (பூசையில் வாங்கும் சற்பிரசாதம், ஆண்டவரின் உடலாக நம்பும் அப்பம்) வாங்க வேண்டுமானால் நடுச்சாமத்திலிருந்து ஒன்றும் உண்ணக்கூடாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்று புதிதாகச் சலுகை வந்திருந்தது. அப்பா அதையும் ஏற்கவில்லை. எங்கள் ஊரில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே உட்கார்ந்தாலும், நன்மைக்குப் போகும்போது குடும்பம் குடும்பமாகப் பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியில் மண்டியிடுவார்கள். ஓர் ஆள் குறைந்தால் கோவில் முழுதும் கண்டுகொள்ளும். குறைந்த ஆள் கல்யாணமாகாத பெண் என்றால், என்ன பாவம் செய்தாள் என்று ஆளுக்கொன்று யோசிப்பார்கள்.

மருந்து தொடங்கிய முதல் ஞாயிறு, கஞ்சியும் பொடியும் குடித்துவிட்டுப் போனேன். நன்மைக்கு எழவில்லை. கோவில் வாசலிலேயே அத்தை பிடித்துக்கொண்டாள். அப்பாவின் தங்கை. அவள் மகனுக்குத்தான் என்னைப் பேசியிருந்தார்கள்.

"என்னடி, குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருந்தே? நன்மை வாங்கக் கூடாத அளவுக்கு அப்படி என்ன பண்ணித் தொலச்சே?"

நோயைச் சொன்னால் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் மானம் போகும். அப்பா இரண்டையும் காப்பாற்ற எளிய வழி கண்டுபிடித்தார். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் மருந்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"ஒரு வேளை குடிக்காட்டி உசுரு போயிறாது. ஆண்டவரை வாங்கிட்டு வந்து குடி."

பூசை முடிந்து, அத்தனை பேரிடமும் நின்று பேசி, வீடு வந்து, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஜெபம் சொல்லிச் சாப்பிடும்போது மத்தியானம் ஆகிவிடும். காலை மருந்து அத்தோடு சரி. தபசு காலம் (பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள்) வந்ததும் அப்பா பக்தியில் இன்னும் ஒரு படி ஏறினார். குடும்பத்தோடு தினப்பூசை, தினம் நன்மை. நான் சுகமாக வேண்டும் என்ற கருத்துக்காகவே என்றார். தினமும் காலை மருந்தைப் பூட்டி வைத்துவிட்டு, என் சுகத்துக்காக வேண்டிக்கொண்டோம்.

"ஆத்தா, அப்பாவை எதுத்துப் பேசாதடி. பாஸ்கு வரைக்கும் பொறுத்துக்க" என்றாள் அம்மா.

கிருமி பொறுக்கவில்லை. பாஸ்கு முடிந்து எடுத்த எக்ஸ்ரேயில் திட்டு பெரிதாகியிருந்தது. ஏன் என்று டாக்டர் கேட்டார், நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்பா பக்கம் திரும்பினார்.

"ஏன் சார், நீங்க பூசைக்குப் போனா கிருமியும் கூட வந்து முழங்கால் போடும்னு நெனச்சீங்களா?"

"எங்க மார்க்கத்துல நீங்க தலையிட வேண்டாம்" என்றார் அப்பா.

"நான் தலையிடல. ஒங்க மக நெஞ்சுக்குள்ள நீங்கதான் தலையிடுறீங்க. இனி ஊசியும் போடணும். இன்னொரு தடவை விட்டா எங்கிட்ட அழைச்சுட்டு வராதீங்க."

சாவது நான் என்பது திரும்பும் பஸ்ஸில் எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் பாவங்களைச் சொல்லிவிட்டு, மருந்து குடித்த பிறகு நன்மை வாங்கலாமா என்று பங்குச் சாமியாரிடம் நேரே கேட்டேன். "நோயாளி மருந்தும் குடிக்கலாம், கஞ்சித்தண்ணியும் குடிக்கலாம். உத்தரவு கேட்டாப் போதும், கொடுத்திருப்பேன். ஏன் யாரும் வந்து கேக்கல?" என்றார். கேட்டால் நோய் வெளியே தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. மரத்தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரே ஒரு கேள்வி!

வீட்டில் சொன்னேன். "சாமியாரா வந்து ஒனக்கு மாப்பிள்ளை பாக்கப் போறாரு?" என்றார் அப்பா. ஞாயிறு காலை வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்.

சாயங்காலமே கஞ்சி காய்ச்சி, தெளிவை இறுத்துத் தூக்குச்சட்டியில் ஊற்றி வைத்தேன். அப்பா அலமாரியைப் பூட்டும் முன்பே ஒரு வேளை மருந்தையும் எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டேன். வீட்டில் குடித்தால் தட்டிவிடுவார். அதனால் கோவில் முற்றத்தில், கொடிமரத்தடியில், ஊர் பார்க்க நின்று குடித்தேன். பொடியின் கசப்பில் கண்ணில் நீர் முட்டியது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

நன்மை நேரம் வந்தது. கிராதியில் அப்பா, அண்ணன், அம்மா. கடைசியில் நான் போய் மண்டியிட்டேன்.

அப்பா எழுந்தார். சாமியார் கையில் நன்மையோடு இரண்டடி தூரத்தில் வந்துகொண்டிருந்தபோது எழுந்து, நடுவழியே நடந்து, வெளியே போனார். சாமியார் ஒரு கணம் நின்றார். பிறகு அண்ணனுக்குக் கொடுத்தார், அம்மாவுக்குக் கொடுத்தார், எனக்கும் கொடுத்தார்.

பூசை முடிந்து வந்தால் வாசலில் அத்தை அப்பாவை மறித்திருந்தாள். சுற்றிலும் பத்துப் பேர்.

"என்னண்ணே, கிராதி வரைக்கும் போயிட்டு நன்மை வாங்காமத் திரும்பிட்டீங்க? அப்படி என்ன மனசுல கெடக்கு?"

தலைமையாசிரியரைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. அப்பாவின் முகம் கறுத்தது.

"நான் ஒரு பாவமும் பண்ணல. அந்தா நிக்கிறாளே, அவ மருந்தக் குடிச்சிட்டு வந்து மண்டி போட்டா. பக்கத்துல எப்படி வாங்குறது? அவளுக்கு டி.பி."

என் நுரையீரலை விலையாகக் கொடுத்துக் காத்த ரகசியத்தைத் தன் பெயருக்காக ஒரே மூச்சில் செலவழித்துவிட்டார். அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். கல்யாணப் பேச்சு அந்த முற்றத்திலேயே முடிந்தது. எனக்குத் துக்கம் வரவில்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். மறைக்க ஒன்றும் இல்லாமல் போனதால் அலமாரியின் பூட்டுக்கும் வேலை இல்லாமல் போனது.

ஊசி, மாத்திரை, பொடி என்று ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு வேளையும் விடவில்லை. பெண்கள் பக்கம் என்னைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். சளியில் கிருமி இல்லை என்று வந்தபிறகும் அந்த இடம் சுருங்கவில்லை. நான் காலை நீட்டி உட்கார வசதியாகத்தான் இருந்தது.

இப்போது விதியே மாறிவிட்டது. பூசைக்குச் சில மணிநேரம் முன்பு வரை சாப்பிடலாமாம், காப்பி போன்றவற்றை இன்னும் நெருக்கத்தில் குடிக்கலாமாம். ரோமாபுரி சொன்னதும் அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. ஞாயிறு விடியலில் காப்பி குடித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்.

போன மாதம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இப்பத்தான் எல்லாருக்கும் ஒரே சட்டமாயிருச்சே. இனிமே சேந்தே போவோம், வா."

"நீங்க ஒங்க வேகத்துல போங்கப்பா. எனக்கு மூச்சு வாங்கும்."

பொய் இல்லை. இடது நுரையீரலின் மேல்பாகம் தழும்பாகிச் சுருங்கிவிட்டது, அது இனி விரியாது என்றார் டாக்டர். முதல் மணி அடிக்கும்போது அவர்கள் கிளம்புகிறார்கள், நான் அதற்கும் முன்னாலேயே கிளம்பிவிடுகிறேன். முந்திரித் தோப்பு ஓரத்தில் என்னைத் தாண்டிப் போகிறார்கள். அம்மா மட்டும் திரும்பிப் பார்ப்பாள். நான் நிற்கிறேன். வலப்பக்கம் நிறைகிறது. இடப்பக்கம் தாமதமாக, கொஞ்சமாக நிறைகிறது. இரண்டாம் மணியும் அடித்து ஓய்கிறது. இடப்பக்கமும் நிறைந்த பிறகு அடுத்த அடி வைக்கிறேன்.