ஏரிச் சேற்றில் சிவப்பு மூட்டைகள்

1. பிட்டுக்குள் இறங்க ஆள் இல்லை

மெஷினுக்கு அடியில் சிமென்ட் கலவை ஊற்றி இறுக்கும் கிரௌட்டிங் போட வேண்டிய அன்று காலையில், மெஷின் பள்ளமான பிட்டுக்குள் இறங்க ஒரு ஆள்கூட இல்லை. 1991, பங்குனி மாதம். ஒரகடம் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த, இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் நான் எரெக்‌ஷன் சூப்பர்வைசர். கனடாவிலிருந்து கப்பலில் வந்த பிரஸ்ஸை இறக்கி, லெவல் பார்த்து, ஃபவுண்டேஷன் போல்ட் எல்லாம் போட்டாயிற்று. மெஷினைத் தூக்கி நகர்த்தும் ரிக்கிங் ஆட்கள் அத்தனை பேரும் பக்கத்து ஊரான வடக்குப்பட்டுக்காரர்கள். கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் குந்திக்கொண்டிருந்தார்கள்.

கூலித் தகராறு என்று நினைத்துப் போனேன். அதுவாக இருந்திருந்தால் ஒரு டீயில் பேசித் தீர்த்திருப்பேன்.

மேஸ்திரி ஏழுமலை எழுந்திருக்கவில்லை. "கேன்டீன்ல கீறாளே ஸ்டெல்லா, அவள வேலய வுட்டு அனுப்பு சார். அப்பால வேல பாக்குறோம்" என்றார்.

"அவ இன்னா பண்ணா?"

"ஏரில தண்ணி எறங்கிச்சி சார். சேத்துல செவப்புத் துணில மூட்ட மூட்டயா கீது. எல்லாம் அவ பொடவ. ஒண்ண பிரிச்சா உள்ள எலும்பு. எங்க வூட்டு மாடு அந்தத் தண்ணியக் குடிச்சிட்டு நொர தள்ளிச் செத்துச்சி."

ஸ்டெல்லா புருஷன் விட்டுப்போன பிறகு கைப்பிள்ளையோடு வடக்குப்பட்டில் வாடகைக்கு இருந்தவள். பொழுது சாய்வதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கேன்டீனில் போய்ப் பார்த்தேன். அடுப்பு பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"தொர துணி கேட்டாரு, பழைய பொடவயக் கிழிச்சிக் குட்த்தேன் சார். துன்ன மீன் முள்ள அதுல கட்டி எட்துகினு போவாரு. எதுக்குன்னு நான் கேட்டனா? சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்றான். கொயந்தய தூக்கினு நான் எங்க சார் போவேன்?"

துரை என்றது பிரஸ்ஸோடு வந்த இன்ஜினியர் டேனியலை. அவர் அப்போது மெட்ராஸில், ஹார்பரில் மாட்டிக்கொண்ட ஸ்பேர் பார்ட்ஸை எடுக்கப் போயிருந்தார்.

2. டேனியல் சொன்னது

பிரஸ்ஸை ஓட்டிக் காட்ட வந்த கமிஷனிங் இன்ஜினியர் டேனியல். கனடா என்றதும் நாங்கள் ஒரு வெள்ளைக்காரரை எதிர்பார்த்திருந்தோம். வந்தவர் நம் நிறம், முதுகில் ஒற்றைப் பின்னல். அல்கோன்கின் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். அவருடைய அப்பா ஆற்றங்கரையில் பொறி வைத்து பீவர் பிடித்தவராம். பீவர் என்பது மரத்தைப் பல்லாலேயே வெட்டி ஆற்றில் அணை கட்டும் பிராணி. நாய் அளவு பெருச்சாளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் ஜீப்பிலிருந்து இறங்கியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பீவர் எலும்பை நாங்கள் நாய்க்குப் போட மாட்டோம். தண்ணீரில் எடுத்ததைத் தண்ணீரிலேயே விட வேண்டும். இல்லாவிட்டால் அந்த விலங்கு கோபித்துக்கொண்டு நம்மிடம் வராது. இங்கே உங்கள் ஏரி மீனைத் தின்றேன். முள்ளைக் கொஞ்சம் புகையிலையோடு திருப்பிக் கொடுத்தேன். அது நன்றி சொல்வது, அவ்வளவுதான்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. "எங்கள் ஊரில் எலும்பைச் சிவப்புத் துணியில் கட்டி ஏரியில் போட்டால் அதற்குப் பெயர் செய்வினை" என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. "என்னை அங்கே கூட்டிப் போங்கள்" என்றார்.

3. கரையில்

அந்த ஏரியில் கொக்கு இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. அன்று ஒன்றுகூட இல்லை. ஊரே கரையில் நின்றும் சத்தமில்லை. மூட்டைகளைக் கழியால் தள்ளி ஒரு கிழிந்த பாயில் வைத்திருந்தார்கள். ஸ்டெல்லா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக நின்றாள்.

டேனியல் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார். மீன் முள், புகையிலை. அவர் சொன்னதை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கூட்டத்தின் இறுக்கம் தளர்ந்தது. ஒரு பெண் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

கடைசி மூட்டையில் அவர் கை நின்றது. மற்றவை வெயிலில் மொரமொரவென்று காய்ந்திருந்தன. இதிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டியது. பாயைப் பிடித்திருந்த என் விரலில் ஒரு சொட்டு விழுந்தது. ஐஸ் தண்ணீர். உள்ளே விரல் நீளத்துக்கு வளைந்த பல் ஒன்று, துருப்பிடித்த இரும்பின் நிறத்தில்.

"இது இன்னா மீனு பல்லு? கேளு சார்" என்றார் ஏழுமலை. எல்லோருடைய பார்வையும் ஸ்டெல்லா பக்கம் திரும்பியது.

டேனியலும் அவளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பீவர் பல். இதுவும் நான் போட்டதுதான். எங்கள் நாட்டிலிருந்து கொண்டுவந்தேன். சொல்லுங்கள்."

சொன்னேன். டேனியல் நெஞ்சில் கைவைத்து, பயமுறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். ஏழுமலை கையிலிருந்த கழியைக் கீழே போட்டார். "மாடு போனது போச்சி. இனிமே எங்க ஏரில எதுவும் போடாத, தொர" என்றார். அப்புறம் ஸ்டெல்லாவிடம், "நீ போயி ஒல வையி" என்றார். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

4. ஜீப்பில்

திரும்பும் வழியில் டேனியல் சொன்னார்: "நான் எந்தப் பல்லும் கொண்டுவரவில்லை."

வண்டியை ஓரம் கட்டினேன். "பின்னே யார் கட்டியது?"

"முடிச்சு நான் போடும் அதே முடிச்சு. புகையிலையும் என்னுடையதுதான். ஆனால் நான் கட்டவில்லை."

"யார் என்று தெரியுமா?"

"தெரியும் என்று நினைக்கிறேன். ஆனால் பனி விழுந்து தரையை மூடி, தண்ணீருக்குள் இருக்கும் அது உறங்கிய பிறகுதான் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவோம். மற்ற நாளில் அதற்குக் காது கேட்கும்."

வெளியே பங்குனி வெயில் கொளுத்தியது. அவர் மடியில் வைத்திருந்த துணி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வண்டியை எடுத்தேன்.

மறுநாள் கிரௌட்டிங் முடிந்தது. பிரஸ்ஸும் ஓடியது. டேனியல் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார், கடிதம் கிடிதம் எதுவும் இல்லை. ஸ்டெல்லா அதே வீட்டில் இருந்து பிள்ளையைப் படிக்க வைத்தாள்.

ரூட் காஸ் தெரியாமல் லைனை ஸ்டார்ட் பண்ணாதே என்று எத்தனையோ டிரெய்னிகளிடம் கத்தியவன் நான். அது மெஷினுக்குச் சரி. ஒரு மனுஷி பிள்ளையோடு நடுத்தெருவில் நிற்கும்போது முதலில் அவளை வீட்டுக்குள் அனுப்புங்கள், காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம். அன்று டேனியல் செய்தது அதுதான். பிறகு தேடினீர்களா என்று என்னைக் கேட்பார்கள். தேடவில்லை. பயம்தான்.