சியோனானுக்குப் போன கட்டுரை

ஜப்பான்காரன் காலத்தில் காஜா பேராங் என்ற மலாய்க் கிராமத்தில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு விஞ்ஞான வாத்தியார் குடியிருந்தார். சிங்கப்பூருக்கு அப்போது சியோனான் என்று பெயர். அங்கே ஜப்பானியர் கூட்டிய அறிஞர் மாநாட்டில் படிக்க அவர் எழுதிய கட்டுரையை நான்தான் தட்டச்சு செய்தேன். அரிசிக்கு மரவள்ளிக்கிழங்கே முழு ஈடு என்பது அதன் சாரம்.

ஒல்லியான உடம்பு, படிய வாரிய தலை. அடித்த ஒவ்வொரு பக்கத்தையும் அடிக்கோல் வைத்து அளப்பார். ஓரத்தில் ஒரு நூல் கூடினாலும் கிழித்துப் போடுவார். கடையில் தாளே கிடைக்காத காலம் அது.

கடைசிப் பக்கம் அடித்த அன்று அவர் காலைப் பார்த்தேன். கிழங்கையே தின்று எங்கள் கம்பத்து ஊராருக்கெல்லாம் வந்திருந்த வீக்கம் அவருக்கும் வந்திருந்தது.

"சார், உங்க காலே வீங்கிக் கிடக்கு. அதையும் ஒரு வரி போடலாமா?"

"ஒரு ஆளோட காலு ஆராய்ச்சி ஆகாதுலா, தம்பி."

"கம்பம் முழுக்க வீங்கியிருக்கே சார்?"

"பக்கம் நிரம்பிடுச்சு. இன்னொரு வரி சேர்த்தா ஓரம் கெட்டுடும்."

மாநாடு முடிந்து வீங்கிய காலோடு வந்தவரை லாரியிலிருந்து இருவர் தாங்கி இறக்கினார்கள். என்னைப் பார்த்ததும், "பக்கமெல்லாம் ரொம்ப அழகுன்னு அதிகாரி சொன்னாரு, தம்பி" என்று சிரித்தார்.

ஜப்பான்காரனுக்குப் பயந்து எழுதியிருந்தால் மன்னித்திருப்பேன். அந்தச் சிரிப்பில் பயம் துளியும் இல்லை.