மூன்று பேருக்கும் மூச்சு குறைந்த சாயங்காலம்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் மனைவி வசந்தாவின் விரல் எண்பத்திரண்டு காட்டியது.

விரல் எப்படி எண் காட்டும் என்கிறீர்களா? ஆக்சிமீட்டர் மாட்டினால் காட்டும். கொடியில் துணிக்குப் போடும் கிளிப் மாதிரி ஒரு சின்னப் பெட்டி. அதன் வாயைத் திறந்து விரலை உள்ளே விட்டால் சிவப்பு வெளிச்சம் போட்டு, ரத்தத்தில் ஆக்சிஜன் நூற்றுக்கு எவ்வளவு என்று மார்க் போடும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிளிப்பு. நான் தையல்காரன். மெஷின் என்ற பெயரைத் தையல் மெஷின் முதலிலேயே எடுத்துக்கொண்டுவிட்டது.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என் பயங்கள் அத்துப்படி. கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியவன். பல்லி கத்தினால் கூட எந்தத் திசை என்று பார்க்கிறவன். ஆனால் இந்த எண்பத்திரண்டு பயம் அந்த ஜாதி இல்லை. இதற்குக் காரணம் இருக்கிறது.

கொரோனா இரண்டாம் அலையில் வசந்தா பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தாள். என்னை உள்ளே விடவில்லை. வெளியே நின்றபடி போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்... இன்றைக்கு எவ்வளவு? எண்பத்தெட்டு. மறுநாள் எண்பத்தேழு. அதற்கு மறுநாள் தொண்ணூறு. அந்தப் பதினொரு நாளும் என் மனைவி எனக்கு வெறும் எண்ணாகத்தான் இருந்தாள்.

அவள் வீடு திரும்பியதும், துபாயில் இருக்கும் அவளுடைய தம்பி வாங்கி அனுப்பியதுதான் இந்தக் கிளிப்பு. ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு எட்டு முறை மாட்டினேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். முப்பத்தைந்து எடுத்த பேப்பரைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு வந்த ஆள். தொண்ணூற்றேழைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வர வேண்டாமா? வராது. மீதி மூன்று எங்கே போனது என்று கேட்பேன். வசந்தா தலையில் அடித்துக்கொள்வாள். போகப் போகக் கிளிப்பு பெட்டிக்குள் படுத்துவிட்டது. யாருக்காவது இருமல் வந்தால் மட்டும் வெளியே வரும்.

செவ்வாய்க்கிழமை இருமல் வந்தது. மூன்று நாளாக விடாத மழை. வசந்தா கொல்லைப்புறத்தில் பாத்திரம் கழுவிவிட்டு இருமிக்கொண்டே உள்ளே வந்தாள். நான் ஒரு பிளவுஸுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே விட்டுவிட்டுக் கிளிப்பை எடுத்தேன்.

எண்பத்திரண்டு.

எடுத்துவிட்டு மறுபடி மாட்டினேன். எண்பத்துமூன்று. அடுத்த விரல். எண்பத்தொன்று. சரி, நம் விரலில் பார்ப்போம் என்று மாட்டினேன். எண்பத்துநான்கு.

ஒரு புத்திசாலி இந்த இடத்தில் என்ன நினைப்பான்? கிளிப்பில் கோளாறு என்று நினைப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா... எனக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன்.

மூன்று வீடு தள்ளி ஆட்டோ வைத்திருக்கும் கருப்பையாவுக்கு போன் போட்டேன். வந்தவர் நிலவரத்தைக் கேட்டார். கிளிப்பை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எனக்கும் ஒருக்கா மாட்டிப் பாருங்கண்ணே" என்றார்.

எண்பத்துமூன்று.

கருப்பையா ஆடிப் போனார். "அண்ணே, எனக்கும்ல கம்மியா இருக்கு. நான் எப்படிண்ணே வண்டி ஓட்டுறது?"

வசந்தா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "மூணு பேத்துக்கும் ஒரே நேரத்துலயா கொறையும்? அந்தக் கிளிப்புக்குத்தான் மூச்சு முட்டுது. ரெண்டு பேரும் அங்கிட்டுப் போய் ஒக்காருங்க, காப்பி போடுறேன்."

காப்பியா குடிக்க முடியும்? அவளைக் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன்.

எங்கள் ஊரிலிருந்து, ஆஸ்பத்திரி இருக்கும் கறம்பக்குடி பதினொரு கிலோமீட்டர். அந்தப் பதினொரு கிலோமீட்டரும் வசந்தா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். அடுப்பில் வைத்த பால், கொடியில் கிடக்கும் துணி, கட்டின பழைய சேலையோடு இழுத்து வந்தது, கல்யாணத்தன்று தாலி கட்டும்போது என் கை நடுங்கியது வரைக்கும் எதையும் விடவில்லை.

"பேசாம வா வசந்தா. பேசப் பேச ஆக்சிஜன் செலவாகும்" என்றேன்.

"செலவாகட்டும். அது என்ன ஒங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

முன்னால் கருப்பையா சிரிக்கவும் முடியாமல், தன் எண்பத்துமூன்றை மறக்கவும் முடியாமல், வாயைத் திறந்து நீளமாக மூச்சு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் நடுவயது நர்ஸம்மா ஒருவர் இருந்தார். நான் "எம்பத்திரெண்டு, எம்பத்திரெண்டு" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வசந்தாவை உட்கார வைத்து, ஈரமாயிருந்த அவள் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தார். பிறகு ஆஸ்பத்திரி கிளிப்பை மாட்டினார். கையை ஆட்டாமல் வைக்கச் சொல்லி, எண் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும்வரை காத்திருந்தார்.

தொண்ணூற்றாறு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை எழுத வெட்கமில்லை.

"ஒங்க மெசினக் குடுங்க" என்று வாங்கி அவள் விரலில் மாட்டினார். எண்பத்திரண்டு. நர்ஸம்மா அதைக் கழற்றி, அதன் வாயை அகலத் திறந்து லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது. விரல் நகத்தால் உள்ளே எதையோ மெல்லச் சுரண்டினார். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. நடுவில் கொஞ்சம் சிவப்பு.

"யாருங்கய்யா இதுக்குப் பொட்டு வச்சது?"

நான்தான்.

ஆயுத பூஜை அன்றைக்கு வைத்தேன். தையல்காரனுக்கு அது பெரிய நாள். மெஷின், கத்தரி, இன்ச் டேப், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பேன். அப்புறம் மிக்ஸி, டிவிஎஸ் வண்டி, வாசல் பல்பு சுவிட்ச். எல்லாம் முடிந்தபோது கிளிப்பு ஞாபகம் வந்தது. வசந்தாவின் உயிரைப் பார்த்துச் சொல்கிற பொருள்... அதை விடலாமா? மேலே வைத்தால் எண்ணை மறைக்கும். அதனால் வெகு ஜாக்கிரதையாக வாயைத் திறந்து உள்ளே வைத்தேன். உள்ளே கண் மாதிரி ஒரு சின்ன வட்டக் கண்ணாடி இருந்தது. நெற்றி எது என்று தெரியாத பொருளுக்குக் கண்தானே லட்சணம்? அங்கேயே வைத்தேன்.

அதுதான் வெளிச்சம் வரும் ஜன்னலாம்.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. "ஒரு அம்மா மருதாணி வச்ச விரலோட வந்து அழுதுச்சு. ஒரு பொண்ணு நெயில் பாலிஷோட வந்துச்சு. மெசினுக்கே பொட்டு வச்சு இப்பத்தான் பாக்குறேன்" என்றார். பின்னால் நின்ற கருப்பையா, "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லைங்களா?" என்று தன் விரலை நீட்டினார். ஆஸ்பத்திரிக் கிளிப்பில் அவருக்குத் தொண்ணூற்றெட்டு. அவர் அன்றைக்கு வாங்கிய மூச்சில் நூற்றுப்பத்து வந்திருக்க வேண்டும்.

நர்ஸம்மா எங்கள் கிளிப்பின் பேட்டரியைக் கழற்றினார். பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு, சொட்டாமல் பிழிந்து, உள்ளே மேலும் கீழும் துடைத்தார். தண்ணீரில் முக்கக் கூடாதாம். குழாயில் காட்டக் கூடாதாம். காய்ந்த பிறகு பேட்டரியைப் போட்டு மாட்டினார். தொண்ணூற்றாறு. "நாள் கணக்கா எடுக்காமப் போட்டு வைக்கிறதா இருந்தா பேட்டரியக் கழட்டிருங்க. கசிஞ்சு உள்ள அரிச்சிரும். ஊரு பூரா கைமாத்துக் குடுக்குறதா இருந்தா ஒவ்வொருத்தருக்கும் தொடச்சுட்டுக் குடுங்க."

நான் தலை குனிந்தபடியே சொன்னேன். "தெரியாம ஓடியாந்துட்டேம்மா. ஒங்க நேரத்தக் கெடுத்துட்டேன்."

"ஓடியாந்தது சரிங்கய்யா" என்றார். "கையச் சூடு பண்ணி, வேற விரல்ல பாத்தும் கம்மியாவே நின்னா இப்படித்தான் வரணும். மெசின் தப்பாத்தான் இருக்கும்னு வீட்ல ஒக்காந்துரக் கூடாது. ஆனா ஒண்ணு... இவங்க வாசல்ல எறங்குறதுல இருந்து ஒங்கள வஞ்சுக்கிட்டே வாராங்க. ஒரு எடத்துலயும் நிறுத்தி மூச்சு வாங்கல. அதப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. தையலில் எனக்கு அளவில் சந்தேகம் வந்தால் ஆளை எதிரே நிற்கவைத்து மறுபடி அளப்பேன். நோட்டில் என்ன எழுதியிருந்தாலும் ஆள்தான் அளவு. இங்கே ஆள் எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தது. நான் நோட்டைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு சிரிப்புக் கதை. முடியவில்லை.

வந்ததுதான் வந்தோம், இருமலுக்குக் காட்டிவிட்டுப் போவோம் என்று டாக்டரிடம் போனோம். இளம் வயது. முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்து நாலைந்து இடத்தில் கேட்டார். மறுபடி கேட்டார். "நடந்தா, படி ஏறுனா மூச்சு இழுக்குதாம்மா?"

வசந்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு, "ரெண்டு வாரமா கொஞ்சம் இழுக்குது சார். மாடிக்குத் துணி எடுக்கப் போனா நின்னு நின்னுதான் ஏறுறேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வாரமாகவா?

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? கிளிப்பத் தூக்கிட்டு வருவீங்க. காலைல மாட்டுவீங்க, மத்தியானம் மாட்டுவீங்க. கொறஞ்சா அழுவீங்க, கொறையாட்டி ஏன் கொறையலன்னு பாப்பீங்க. எனக்கு இழுக்குறது பரவால்ல. ஒங்க மூஞ்சியப் பாக்கத்தான் பயமா இருக்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மழைக்காலத்து வீசிங்தானாம். படம் எடுத்துப் பார்த்தார்கள், நெஞ்சு சுத்தம். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அதை இழுக்கும் விதத்தை நர்ஸம்மாவே மூன்று முறை செய்யச் சொல்லிப் பார்த்தார். என் பக்கம் திரும்பி டாக்டர் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். "அந்த மெசின்ல தொண்ணூத்தெட்டு காட்டுனாலும், ஆளுக்கு மூச்சு முட்டுனா, நெஞ்சு வலிச்சா, ஒதடு நீலமானா, பேச்சு கொழறுனா நம்பருக்காகக் காத்திருக்காதீங்க. ஒடனே வந்துருங்க. மெசினு ஆளுக்குத் தொணைதான். ஆளுக்குப் பதில் இல்ல."

வசந்தாவுக்கு எந்த எண்ணுக்குக் கீழே போய் நின்றால் வர வேண்டும் என்று கேட்டு, அளவு நோட்டில் அவள் பிளவுஸ் அளவுக்குக் கீழேயே எழுதிக்கொண்டேன். உங்கள் வீட்டில் கிளிப்பு இருந்தால் நீங்களும் உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் அது மாறுமாம்.

வெளியே மழை விட்டிருந்தது. மூன்று பேரும் டீ குடித்தோம். கருப்பையா வாடகை வாங்க மாட்டேன் என்று அடம் பிடித்தார். தனக்கும் சேர்த்துத்தானே செக்கப் ஆனது என்றார். வீடு வரைக்கும் வசந்தா ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுவும் பயமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால், ஆட்டோ கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தாள். மூச்சு சீராக ஏறி இறங்கியது. ஊர் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். விரல் கேட்கவில்லை.

படித்தவர்களுக்கு எண் என்றால் ஒரு சந்தேகமாவது வரும் போலிருக்கிறது. என்னைப் போலப் பாதியில் நின்றவர்களுக்கு ஒளிர்கிற எண் என்றால் சாமி வாக்கு. எண்ணைக் கேட்டுக் கேட்டு, பக்கத்தில் இருக்கிற ஆள் வாயை மூடிக்கொண்டது நமக்குத் தெரிவதே இல்லை.

வீட்டில் ஒரு ஒப்பந்தம் போட்டோம். காலை ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை மட்டும் கிளிப்பு. ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு, சூடான விரலில். மாட்டுவது நான் இல்லை, அவளே. எண் எதுவானாலும் நான் முகம் கோணக் கூடாது. பதிலுக்கு, உடம்புக்கு என்ன செய்தாலும் அவள் மறைக்கக் கூடாது.

நேற்று காலையில் நான் ஒரு சட்டையின் பட்டன் ஓட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். வசந்தா வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஏங்க... லேசா இழுக்குது."

கை பெட்டிப் பக்கம் போகப் பார்த்தது. பிடித்துக்கொண்டேன். "எப்பலேருந்து?" என்றேன். "கோலம் போட்டதுலேருந்து" என்றாள். முன்னைக்கு இப்போது எப்படி, படுத்தால் இழுக்கிறதா, உட்கார்ந்தால் இழுக்கிறதா... கேட்கக் கேட்கச் சொன்னாள். இன்ஹேலர் இழுத்தாள். பத்து நிமிஷத்தில் சரியாகி, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவளாக வந்து என்னிடம் சொன்ன முதல் உடம்பு நோவு அது.

பெண்டாட்டிக்கு மூச்சு இழுக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே புருஷன் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.