ஊர்க்காரர் இல்லாத பஸ்

புத்தூர்ச் சந்தியில் யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நிற்கிறேன். பக்கத்தில் ஒரு தாயும், மனநோய்க்கு மருந்தெடுக்கும் மகனும். யாழ்ப்பாணத்தில் அவனுக்கு ஊசி போடும் கிளினிக் மத்தியானத்தோடு மூடிவிடும். இருவரும் வந்த பஸ்ஸில் ஊர்க்காரர் ஒருவர் ஏறியதால், பாதிவழியில் இங்கே இறங்கிவிட்டார்களாம்.

"பருத்தித்துறை ஆஸ்பத்திரி உங்களுக்குக் கிட்டத்தானே அம்மா?"

"கிட்ட எண்டபடியால்தான் தம்பி போறேல்லை. மகளுக்குக் கலியாணம் பேசுறம்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அடுத்த பஸ் வந்து நிற்கிறது. தாய் யன்னல் யன்னலாக எட்டிப் பார்க்கிறார்.

"உதுக்குள்ளையும் எங்கடை ஊர் ரீச்சர் இருக்கிறா. பிறகு போவம்."

"பிறகு போனால் ஊசி கிடைக்காதம்மா," என்கிறேன். அவர் அசையவில்லை.

மகன் படியில் கால் வைக்கிறான்.

"வருத்தமும் ஊசியும் எனக்குத்தானே அம்மா. நான் போறன். நீங்கள் ஊர் ஆக்களில்லாத பஸ்ஸிலை வாங்கோ."