சிங்காநல்லூர்க் கடல் காரமடைக்குப் போன கதை

மீன்தொட்டியை வீடு மாற்றும் தொழிலில் மீனைத் தூக்குவது கொஞ்சம்தான். மிச்சம் பூராவும் தண்ணீரைத் தூக்குவது. வீடு மாற்றி இடுப்பு ஒடிந்தவர்களுக்கு என் வலி புரியும். உங்களுக்காகக் கடைசியில் ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். இப்போதே கேட்காதீர்கள், தரமாட்டேன்.

பழைய தண்ணி

ப்ளஸ் டூ முடித்ததும் கதிர் அண்ணனின் மீன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சிங்காநல்லூரில் நாச்சிமுத்து ஐயா வீட்டில் ஒரு கடல்நீர்த் தொட்டி. பாறை, பவளம், வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ஒரு ஜோடி. வைத்தது அவர் மகன். பையன் பைக் விபத்தில் போய்விட்டான், மீன்கள் இருக்கின்றன. ஐயாவும் அம்மாவும் மகளுக்குப் பக்கத்தில் இருக்கலாமென்று காரமடைக்குக் குடிபோகிறார்கள். மீனும் உயிரோடு வந்தாக வேண்டும்.

பழகிய தண்ணீர் மாறினால் மீன் தாங்காது. அதனால் அந்த உப்புத் தண்ணீரையே கேன் கேனாகப் பிடித்து மாடியிலிருந்து இறக்கினோம். கீழ்வீட்டு அக்கா வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, காரமடைல தண்ணி வர்றதில்லீங்களா?"

ஐயா குரல்

எந்தக் குரலும் எனக்கு ஒருதரம் கேட்டால் போதும், அப்படியே பேசிவிடுவேன். ஐயா குரல் ரொம்ப சுலபம்: ஒரு செருமல், ஒரு பெருமூச்சு, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க'. கிளம்புவதற்கு முதல்நாள், டீ வாங்கப் போன பேக்கரியில் கடைக்காரர் போனை வாங்கி அண்ணனைக் கூப்பிட்டேன். செருமினேன். மீனுக்கு நட்சத்திரம் தெரியவில்லை, நல்ல நேரம் எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். வாங்கின தேதி ஞாபகம் இருக்குங்களா என்று அண்ணன் பவ்யமாக விசாரித்தார்.

டீயோடு கடைக்குத் திரும்பினால், அண்ணன் காலண்டரைக் கிழக்கும் மேற்குமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, மாட்டிக்கொண்டேன். அண்ணன் சொன்னார்: "இனி ஐயா போன் பேசுனா, மொதல்ல உன்ற வாயைத்தான்டா பாப்பேன்."

சுத்தம்

காரமடையில் பால் காய்ச்சி முடிந்ததும் எங்களை இலையில் உட்கார வைத்தார்கள். பாறைகள் வெளியே டப்பில், உப்புத் தண்ணீருக்குள் இருந்தன. தொட்டியின் உயிரே அந்தப் பாறைதான். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதில் குடியிருந்து மீனின் கழிவைத் தின்பதால்தான் தண்ணீர் விஷமாகாமல் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், பாறைகள் துணிக்கொடிக்கு அடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன, பல் விளக்கின மாதிரி வெள்ளை வெளேரென்று. புது வீட்டுக்குப் பழைய அழுக்கு எதற்கென்று அம்மா பிரஷ் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் அலசி வைத்திருந்தார்.

கிருமி அத்தனையும் செத்திருக்கும் என்று அண்ணன் என் காதில் சொன்னார். மீனையாவது கடைக்கு எடுத்துப்போகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். பால் காய்ச்சின அன்றைக்கு ஒரு உயிரை வீட்டை விட்டு அனுப்பக்கூடாது என்று அம்மா ஒரே பிடி. மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாகவும், அதற்குள் மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால் கூப்பிட்ட நிமிஷம் ஓடி வருவதாகவும் அண்ணன் ஐயாவிடம் தனியாகச் சொன்னார். அம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் வாசல்வரை வந்து என்னிடம் கேட்டார்: "பையன் இருந்திருந்தாலும் இப்படித்தான் பளிச்சுன்னு வெச்சிருப்பான், இல்லீங்களா கண்ணு?"

போன்

மறுநாள் காலை டீ வாங்கப் பேக்கரிக்குப் போனேன். சத்தியமாக யாருக்கும் போன் செய்யவில்லை. இரண்டு கையிலும் டீ, பல்லிடுக்கில் தேங்காய் பன். திரும்பி வரும்போது கடை வாசலிலேயே அண்ணன் சிரிப்பது கேட்டது. தெரியாத நம்பர், அதே செருமல், அதே பெருமூச்சு, நானோ பேக்கரியில். இந்தத் தடவை ஏமாறுவதாக இல்லை அவர்.

"ஒண்ணு செத்துப்போச்சுங்களா? கொழம்பு வெச்சுருங்க, சோத்துக்கு வாரேன்," என்றார்.

ஸ்பீக்கரில் மறுபடி அதே செருமல், பிறகு மெதுவாக வந்தது: "இன்னொண்ணு மேல வந்து மூச்சு வாங்குதுங்க. கூப்பிடச் சொன்னீங்களேன்னு மக போன்ல இருந்து கூப்பிட்டேனுங்க."

நான் வைத்திருப்பதாகச் சொன்ன சிரிப்பு இதுதான்: நிமிர்ந்து, பன்னைக் கவ்விக்கொண்டிருந்த என் வாயைப் பார்க்கிற வரைக்கும் அண்ணன் சிரித்தார்.